உரைக்கோப்பு வேலைக்குப் பைத்தான்: கத்தும் பிழை, கத்தாத பிழை

நூறு வரி உள்ள கோப்பைக் கையாலேயே திருத்திவிடலாம். அது பத்தாயிரம் வரியாகும்போதுதான் ஒரு ஸ்கிரிப்டிங் மொழி (சின்னச் சின்ன நிரல்கள் எழுதும் மொழி) தெரிந்திருக்கலாமே என்று தோன்றும். தேடினால் மூன்று பெயர்கள் வந்து நிற்கும்: 1977இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த ஆக், 1987இல் வந்த பெர்ல், 1991இல் முதன்முறை வெளியான பைத்தான். நிரல் எழுதியே பழக்கமில்லாத ஒருவர் உரைக்கோப்பு வேலைக்காக மட்டும் பைத்தான் 3 கற்றுக்கொள்ளப் போனால் என்ன கிடைக்கும், எங்கே அடிவாங்குவார் என்பதுதான் இந்த மதிப்பீடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். தப்பு செய்தால் பெரும்பாலும் அந்த இடத்திலேயே நின்று கத்துகிறது. எத்தனையாவது வரி என்றும் காட்டுகிறது. 3.10 முதல் வந்த பதிப்புகளில் பிழைச்செய்திகள் இன்னும் தெளிவு. மாறியின் பெயரில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்தால் ‘நேம் எர்ரர்’ என்று உடனே படுத்துவிடும். ஆக்கில் அதே தப்புக்குச் சத்தமே வராது. தெரியாத பெயரை அது வெற்று என்றோ பூஜ்யம் என்றோ எடுத்துக்கொண்டு ஓடி முடித்து, கடைசியில் கூட்டுத்தொகையை வெற்றாகவோ 0 என்றோ காட்டும். ஆனால் பைத்தானும் வாய்திறக்காமல் தப்பு விடையை நீட்டுகிற இடங்கள் உண்டு. அவற்றில் பல உரைக்கோப்பு வேலையில்தான் கிடக்கின்றன. தொடக்கப் பாடங்கள் அவற்றைத் தொடுவதேயில்லை.

தொடக்கம் சுகமாகவே இருக்கிறது. கோப்பைத் திற, ஒவ்வொரு வரியாக எடு, வரியின் முடிவுக் குறியை வெட்டு, துண்டாக்கு, வேண்டியதை அச்சிடு. ஐந்து வரிகளில் ஸ்கிரிப்ட் முடிந்துவிடும். கோப்பை ‘வித்’ போட்டுத் திறந்தால் மூடுகிற கவலை இல்லை. எழுதுகிற கோப்பை மூட மறந்தால் கடைசிச் சில வரிகள் இடைநினைவிலேயே தங்கி, வட்டில் அரைகுறைக் கோப்பு கிடக்கலாம். ‘வித்’ அந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. ‘ஃபார்’ சுற்றில் வரிவரியாகப் படித்தால் 5 ஜிபி கோப்பானாலும் கணினி திணறாது. ‘ரீட்’, ‘ரீட்லைன்ஸ்’ இரண்டும் மொத்தக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றும். சின்னக் கோப்புக்குப் பரவாயில்லை, பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

முதல் சுவர் என்கோடிங், அதாவது எழுத்துகளைக் கோப்பில் பைட்டுகளாக எழுதிவைக்கும் முறை. கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் என்னவென்று சொல்லாவிட்டால், விண்டோஸில் பைத்தான் அந்தக் கணினியின் பழைய கோட்பேஜை (எந்த பைட் எந்த எழுத்து என்ற அட்டவணையை) எடுத்துக்கொள்ளும். பல கணினிகளில் அது 1252. தமிழ்க் கோப்பை இப்படித் திறந்தால் ‘யூனிகோட் டிகோட் எர்ரர்’ வந்து நிற்கும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும், இன்று பரவலாகப் புழங்கும் யூனிகோட் என்கோடிங்கான யூடிஎஃப்-8இல் 3 பைட். மெய்யெழுத்தின் புள்ளிக்கான மூன்றாவது பைட்டின் மதிப்பு 141. கோட்பேஜ் 1252இல் 141ஆம் இடம் காலி, அதனால்தான் பைத்தான் நிற்கிறது. புள்ளியே இல்லாத தமிழ்க் கோப்பு கிடைப்பது அரிது என்பதால், நம் புள்ளிதான் நம்மைக் காப்பாற்றுகிறது. அது இல்லாவிட்டால் பல வரிகள் எந்தப் பிழையும் இல்லாமல் குப்பை எழுத்தாக உள்ளே போயிருக்கும். தீர்வு எளிது: படித்தாலும் எழுதினாலும் ஒவ்வொரு ‘ஓபன்’ அழைப்பிலும் யூடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள். 3.15 பதிப்பிலிருந்து இதையே இயல்பாக்குவது என்று முடிவாகியிருக்கிறது. ஆனாலும் உங்கள் ஸ்கிரிப்ட் எந்தக் கணினியில் எந்தப் பதிப்பில் ஓடும் என்று யார் கண்டது?

இந்தப் பிழைக்கு இணையத்தில் அடிக்கடி கிடைக்கும் மருந்து, ‘எர்ரர்ஸ்’ என்ற இடத்தில் ‘இக்னோர்’ போடு என்பது. வேண்டவே வேண்டாம். புரியாத பைட்டுகளைச் சொல்லாமல் கொள்ளாமல் தூக்கி எறிகிற ஏற்பாடு அது. கத்திக்கொண்டிருந்த பிழையின் வாயில் துணி அடைத்த கதைதான்.

அடுத்தது கோப்பின் தலையில் ஒட்டிவரும் கண்ணுக்குத் தெரியாத பைட் வரிசைக் குறி. எக்செல்லில் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ (கட்டங்களைக் காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பு) என்று சேமித்தால் இது முன்னால் ஒட்டிக்கொள்ளும். தலைப்பு வரியில் ‘எண்’ என்று முதல் நெடுவரிசை இருக்கும். அச்சிட்டுப் பார்த்தாலும் ‘எண்’ என்றே தெரியும். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டால் அப்படி ஒரு சாவியே இல்லை என்று ‘கீ எர்ரர்’ வரும். மற்ற நெடுவரிசைகள் எல்லாம் சரியாக வேலை செய்வதால் ஆள் குழம்பிப்போவார். என்கோடிங் பெயரை ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று மாற்றினால் குறி உரிந்துவிடும். இதுபோல் கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுகிற ஒரு ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைக்கும் ஆயத்தக் கட்டளை) இருக்கிறது: ‘ரெப்ர்’. வரியை நேராக அச்சிடாமல் ‘ரெப்ர்’ வழியாக அச்சிட்டால் வரிமுடிவு, டேப், ஒட்டிக்கொண்ட குறி எல்லாம் வெளியே தெரியும். ‘பிரிண்ட்’ சொல்லிக்கொடுக்கும் அன்றே இதையும் சொல்லிக்கொடுக்கலாம்.

இனி கத்தாத பிழைகள். கோப்பிலிருந்து வரும் ஒவ்வொரு வரிக்கும் வரிமுடிவுக் குறி ஒன்று வாலாகத் தொங்கும். ‘முடிந்தது’ என்று வரி இருக்கிறதா என்று நேராக ஒப்பிட்டால் எப்போதும் இல்லை என்றே வரும். வாலை வெட்ட ‘ஸ்ட்ரிப்’ போடுவார்கள். அது இரண்டு பக்கமும் இடைவெளி, டேப் எல்லாவற்றையும் வழித்துவிடும். டேப்பால் பிரித்த கோப்பில் கடைசி இரண்டு கட்டம் காலியாக இருந்தால் அந்த டேப்புகளும் போய்விடும், 5 கட்ட வரி 3 கட்டமாகிவிடும். ‘ஆர்-ஸ்ட்ரிப்’ போட்டு, வரிமுடிவுக் குறியை மட்டும் வெட்டச் சொல்வதே சரி.

சிஎஸ்வி கோப்பைக் காற்புள்ளியில் வெட்டுவது அடுத்த பள்ளம். இந்த வரியைப் பாருங்கள்:

101,"ஆணி, 2 அங்குலம்",40

கண்ணுக்கு மூன்று கட்டம். ‘ஸ்ப்ளிட்’ போட்டுக் காற்புள்ளியில் வெட்டினால் நான்கு துண்டு: 101, பிறகு திறந்த மேற்கோளோடு ஆணி, மூடிய மேற்கோளோடு 2 அங்குலம், கடைசியில் 40. மூன்றாவது துண்டை எண்ணாக மாற்றப் போனால் பைத்தான் கத்தும், பிழைத்தோம். எண்ணாக மாற்றாமல் வெறுமனே வேறு கோப்புக்கு நகலெடுத்தால் அங்குலம் விலைக் கட்டத்தில் போய் உட்காரும். பைத்தானோடு கூடவே வரும் சிஎஸ்வி மாட்யூலை (ஆயத்த நிரல் தொகுப்பை) பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. அதற்கு ஒரு நிபந்தனை: கோப்பைத் திறக்கும்போது ‘நியூலைன்’ என்பதற்கு வெற்று மேற்கோள் தர வேண்டும். தராமல் எழுதினால் விண்டோஸில் ஒவ்வொரு வரிக்குப் பிறகும் ஒரு வெற்றுவரி முளைக்கும். இன்னொன்று: உங்கள் ஸ்கிரிப்டுக்கே ‘சிஎஸ்வி’ என்று பெயர் வைத்துவிடாதீர்கள். மாட்யூலுக்குப் பதில் பைத்தான் உங்கள் கோப்பையே உள்ளே இழுத்துக்கொள்ளும். 3.13 முதல் பிழைச்செய்தியே பெயரை மாற்றச் சொல்லிவிடுகிறது.

கோப்பிலிருந்து வருவது எல்லாமே எழுத்துச்சரம், எண்போல் இருந்தாலும். இதில் பைத்தானின் குணம் ஒரே சீராக இல்லை. எண்ணாக மாற்றாத பட்டியலை ‘சம்’ ஃபங்ஷனிடம் கொடுத்தால் முடியாது என்று நிற்கும். அதே பட்டியலை ‘மேக்ஸ்’ இடம் கொடுத்தால் 9, 10 இரண்டில் 9தான் பெரியது என்று கூசாமல் சொல்லும். எழுத்தாக ஒப்பிட்டால் 9 பின்னால் வருகிறது அல்லவா. வரிசைப்படுத்தினாலும் 1, 10, 2 என்றுதான் வரும். படித்தவுடனேயே எண்ணாக மாற்றிவிடுவது நல்லது. (‘இன்ட்’ ஃபங்ஷன் ௧௨ என்ற தமிழ் எண்களையும் 12 என்று வாங்கிக்கொள்ளும். 1,200 என்று காற்புள்ளியோடு கொடுத்தால் மறுத்துவிடும்.)

‘ரீப்ளேஸ்’ வரியை மாற்றாது, மாற்றிய நகலைக் கையில் கொடுக்கும். வாங்கி ஒரு பெயரில் வைக்காவிட்டால் அது போய்விடும். பிழையும் வராது, மாற்றமும் இருக்காது. ஒருமுறை கடைசிவரை படித்த கோப்பை மறுபடி ‘ஃபார்’ சுற்றில் போட்டால் ஒரு வரிகூட வராது. ‘சீக்’ போட்டுப் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். இவற்றையெல்லாம் ஒருநாள் தேடி அலைந்தால் தெரிந்துகொள்ளலாம், பெரிய சேதமில்லை.

சேதம் வருவது எழுதும் முறையில். கோப்பை ‘டபிள்யூ’ முறையில் திறந்த அந்த நொடியிலேயே அதில் இருந்ததெல்லாம் காலி. ஓர் எழுத்துகூட நீங்கள் எழுதியிருக்க வேண்டியதில்லை. படிக்கிற கோப்பின் பெயரையே எழுதுகிற இடத்திலும் போட்டுவிட்டு, 0 பைட் கோப்பைப் பார்த்து விழிக்கிறவர்கள் ஏராளம். மீட்கும் வழி கிடையாது, எச்சரிக்கைக் கேள்வியும் கிடையாது. புதிய பெயரில் எழுதி, சரிபார்த்த பிறகு ‘ரீப்ளேஸ்’ செய்யலாம்; இது ‘ஓஎஸ்’ மாட்யூலில் இருக்கும் ‘ரீப்ளேஸ்’. அல்லது ‘டபிள்யூ’வுக்குப் பதில் ‘எக்ஸ்’ முறை: அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் எழுத மறுக்கும். இவ்வளவு நல்ல பூட்டை வைத்துக்கொண்டு பாடங்களில் ஏன் யாரும் காட்டுவதில்லையோ தெரியவில்லை. பெர்லில் ‘ஹைஃபன் ஐ’ விசையோடு ஒரு பின்னொட்டைக் கொடுத்தால் பழைய கோப்பை அந்தப் பெயரில் எடுத்துவைத்துவிட்டே திருத்தும்; அந்த விஷயத்தில் பெர்ல் கெட்டிக்காரன்.

தமிழ்க் கோப்புகளோடு வேலை செய்பவர்கள் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டியது சில. ‘புத்தகம்’ நமக்கு 5 எழுத்து. பைத்தானின் ‘லென்’ 8 என்று சொல்லும், ஏனென்றால் உகரக் குறியும் இரண்டு புள்ளிகளும் தனித்தனிக் குறிகள். கோப்பில் அது 24 பைட். அகலம் சொல்லி நெடுவரிசைகளை நேராக அடுக்கப் பார்த்தால் கோணலாக வருவது இதனால்தான். இதைவிட மோசம் ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது உரையில் தேட வேண்டிய வடிவத்தைக் குறிகளால் சொல்லும் முறை. சொல்லெழுத்து என்பதற்கான குறி பின்சாய்வும் சின்ன டபிள்யூவும். பைத்தானின் ‘ஆர்இ’ மாட்யூல் அதில் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சேர்ப்பதில்லை. ‘புத்தகம்’ என்ற ஒரே சொல் ப, த, தகம என்று மூன்று துண்டாக வெளியே விழும். சொல் எண்ணிக்கை மும்மடங்காகும், பிழைச்செய்தி வராது. பெர்லில் கோப்பைச் சரியாக யூனிகோடாகத் திறந்தால் அதே குறி தமிழ்ச் சொல்லை முழுசாகப் பிடிக்கிறது. பைத்தானுக்கு இது அழகில்லை. சமாளிக்க எளிய வழி, வெற்று ‘ஸ்ப்ளிட்’ போட்டு இடைவெளியில் வெட்டி, ஒவ்வொரு சொல்லின் இரு முனையிலும் முற்றுப்புள்ளி, காற்புள்ளி, மேற்கோள் போன்றவற்றை உரிப்பது. பிறகு ‘கவுன்ட்டர்’ இடம் கொடுத்தால் எந்தச் சொல் எத்தனை முறை என்பது கையில். சொல்லை உண்மையான எழுத்துகளாகப் பிரிக்க வேண்டுமென்றால் தனியாக நிறுவும் ‘ரெஜெக்ஸ்’ மாட்யூலில் பின்சாய்வும் பெரிய எக்ஸும் போடுங்கள், பு, த், த, க, ம் என்று ஐந்தும் வரும்.

அகர வரிசையும் கைகொடுக்காது. ‘சார்ட்டட்’ யூனிகோட் எண்படி அடுக்குகிறது. அதில் ன, ந-வை அடுத்தே வருகிறது. ‘அன்பு’ ‘அமைதி’க்கு முன்னால் போய்விடும். ஐசியூ என்ற யூனிகோட் நிரல் நூலகத்தின் தமிழ் வரிசையைப் பயன்படுத்தலாம், அல்லது உங்களுக்கு வேண்டிய எழுத்து வரிசையை ஒரு பட்டியலாக வைத்து ‘கீ’யாகக் கொடுக்கலாம். இன்னொரு மறைவான ஆள்: ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ‘கொ’தான், ஒப்பிட்டால் வேறு வேறு. ‘யூனிகோட்டேட்டா’ மாட்யூலின் ‘நார்மலைஸ்’ கொண்டு எல்லா வரியையும் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும்) வடிவத்துக்கு மாற்றியபின் ஒப்பிடுங்கள்.

ஆக் எதற்கும் ஆகாது என்று யாரும் நினைக்க வேண்டாம். மூன்றாவது நெடுவரிசையைக் கூட்டு என்பது மட்டும்தான் வேலையென்றால் ஆக்கில் டெர்மினலில் ஒரே வரி. $3 என்றால் மூன்றாவது கட்டம், எண்ணாக மாற்றுகிற வேலையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பைத்தானில் அதே காரியத்துக்கு ஒரு கோப்பைத் திறந்து ஆறு வரி எழுத வேண்டும். ஆக்கின் க்னூ பதிப்பான ஜி-ஆக், 2023இல் வந்த 5.3 முதல் மேற்கோளிட்ட சிஎஸ்வியும் படிக்கும். ஆனால் லினக்ஸில் ஆக் வைத்து விண்டோஸில் செய்த கோப்பைப் படித்தால் கடைசிக் கட்டத்தின் வாலில் ஒரு கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டியிருக்கும், ஒப்பீடு தோற்கும். பைத்தான் அதை உரைமுறையில் படிக்கும்போதே சுத்தம் செய்துவிடுகிறது. டெர்மினல் பழகியவர், ஒருமுறை ஓட்டித் தூக்கிப்போடும் வேலை: ஆக். அடுத்த மாதமும் அதே கோப்பு வரும், நடுவில் நான்கு நிபந்தனை இருக்கிறது என்றால் பைத்தான். பெர்ல் உரைவேலையில் இன்றும் வலுவானது, ஆனால் ‘ஸ்ட்ரிக்ட்’ என்று முதல் வரியில் நீங்களாகக் கேட்டால்தான் எழுத்துப்பிழைக்குக் கத்தும். புதியவருக்கு அதைக் கேட்கத் தெரியாது.

முதல் வாரம் பயிற்சிக்கு உண்மையான கோப்பின் நகலில் இருபது வரி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு வெற்று வரி, மேற்கோளுக்குள் காற்புள்ளி உள்ள ஒரு வரி, கடைசிக் கட்டம் காலியான ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். விடையைக் கையால் கூட்டி ஒரு தாளில் எழுதிவிட்டுப் பிறகு ஸ்கிரிப்டை ஓட்டுங்கள்.