ஜெனரேட்டர் வயருக்கு ஸ்லீவ் வாங்கப் போகிறீர்களா? என் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்

இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுவது என் தொழில். யாங்கூனில் இப்போது கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, தெருப்பிள்ளைகள் "மீ லா பீ" என்று கத்தினால்தான் வந்ததே தெரியும். அதனால் வீட்டுப் பின்சந்தில் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். சந்து குறுகல், கேபிள் சைலன்சரை ஒட்டித்தான் போக வேண்டியிருந்தது. வயர்மேன் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்த இடத்துக்கு சிலிகான் பூசின கிளாஸ் ஃபைபர் ஸ்லீவ்தான் போடணும், சாதா பிவிசி உருகிடும்" என்றார். ஸ்லீவ் என்றால் வயருக்கு மேலே மாட்டுகிற உறைக்குழாய், கிளாஸ் ஃபைபர் என்றால் கண்ணாடி நூலில் பின்னியது.

டவுனில் ஒரு கடைக்குப் போனேன். நம்ம ஆள்தான், தமிழில்தான் பேசினார், அதனாலேயே நம்பிவிட்டேன். வெள்ளையாக, வழவழவென்று ஒரு சுருளை எடுத்துப் போட்டு, "ஒரிஜினல் அண்ணே, 200 டிகிரி தாங்கும்" என்றார். பிவிசி குழாயைப் போல மூன்று மடங்கு விலை. 6 மீட்டர் வாங்கினேன். அதோடு மொட்டைமாடி சோலார் வயர் ஜாயின்ட்டுக்கு, உள்ளே பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி வயரைக் கவ்வுகிற டியூப்) கேட்டேன், அதையும் கொடுத்தார்.

மூன்றாவது வாரம், சாயங்காலம் அரைத்துக்கொண்டிருக்கும்போது தீய்ந்த வாடை. முதலில் கிரைண்டர் மோட்டார் என்றுதான் நினைத்தேன். சந்தில் போய்ப் பார்த்தால் சைலன்சர் பக்கம் ஸ்லீவ் சுருங்கி, உருகி, கறுப்பு அல்வா மாதிரி கேபிளோடு ஒட்டிக் கிடக்கிறது, உள்ளே செம்பு தெரிகிறது. டெஸ்டரை ஜெனரேட்டர் உடம்பில் வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. பத்து நிமிஷம் முன்னால்தான் என் பையன் வெறுங்காலோடு அங்கே நின்று பெட்ரோல் அளவு பார்த்துவிட்டு வந்திருந்தான்.

மிச்சமிருந்த துண்டை லைட்டரில் காட்டினோம். சொட்டுச் சொட்டாக உருகி, ஆறியதும் கல் மாதிரி உருண்டையானது. நைலான்! நிஜ கிளாஸ் ஃபைபர் நூல் லைட்டர் தீயில் சிவக்கும், ஆனால் உருகிச் சொட்டாது. வெட்டும்போது விரலெல்லாம் அரிக்கும், அதுவும் ஒரு அடையாளம். நான் வெட்டியபோது ஒன்றும் அரிக்கவில்லை, நல்ல சரக்கு என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன், என் புத்தியை என்ன சொல்ல.

கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "சூடான இடத்துல போட்டிருக்கீங்க, அதுக்கு நாங்க என்ன பண்றது?" சூட்டுக்காகத்தானே ஐயா வாங்கினேன்! பில் கேட்டால், அன்று எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டில் "ஸ்லீவ்" என்று மட்டும்தான் இருக்கிறது.

நியாயமாகச் சொன்னால் என் தப்பும் உண்டு. ஸ்லீவ் சூட்டைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற சாதாரண பிவிசி கேபிளுக்கே 70 டிகிரிதான் கணக்கு. ஒரிஜினலே போட்டிருந்தாலும் சைலன்சரில் படும்படி விட்டிருக்கக் கூடாது. இப்போது சுவரோடு மேலே ஏற்றி, இரண்டு முழம் தள்ளிக் கொண்டுபோயிருக்கிறோம்.

மொட்டைமாடி ஜாயின்ட் மழை பிடித்ததும் வேலையைக் காட்டியது. பிரித்தால் உள்ளே தண்ணீர், செம்பு பச்சைப் பிடித்திருக்கிறது, பசையின் சுவடே இல்லை. பசை உள்ள டியூபை வெட்டுவாயில் பார்த்தாலே உள்சுவரில் தனிப் படலம் தெரியும், சூடு காட்டினால் இரண்டு ஓரத்திலும் பசை பிதுங்கும். நான் வாங்கியதில் ஒன்றும் பிதுங்கவில்லை, அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சைஸிலும் ஏமாறாதீர்கள். 2:1 என்றால் 12 மி.மீ. டியூப் 6 மி.மீ. வரைதான் சுருங்கும், அதைவிட மெல்லிய வயரில் தொளதொளவென்று நிற்கும்.

இப்போதெல்லாம் அரை சாண் துண்டு முதலில் காசு கொடுத்து வாங்கி, கடைக்கு வெளியே வந்து கொளுத்திப் பார்க்கிறேன். காற்றோட்டத்தில் செய்யுங்கள், பிவிசியாக இருந்தால் புகை தொண்டையைப் பிடுங்கும். கொளுத்தக் கூடாது என்று கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவேன்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். அதே வெள்ளைச் சுருள் கடை வாசலில் தொங்குகிறது.