போடிமெட்டு ஏற்றமும் இரண்டு கார்களும்: எர்டிகாவைக் கொடுத்துவிட்டு ஃபிகோவை ஏன் வைத்துக்கொண்டோம்

எங்கள் வீட்டில் சில வருடங்களாக இரண்டு கார்கள் ஓடின. ஒன்று 2017-இல் வாங்கிய ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல். இன்னொன்று 2019-இல் வாங்கிய மாருதி எர்டிகா பெட்ரோல், மேனுவல் கியர். வீடு போடிநாயக்கனூரில். மலைக்கு மேலே, கேரளத்தில் பூப்பாறைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. ஒரு கார் வெளியே போனால் இன்னொன்று வாசலில் சும்மா நிற்கும். சும்மா நின்றாலும் இன்சூரன்ஸ் கட்டத்தான் வேண்டும், பேட்டரி இறங்கத்தான் செய்யும், டயர் காயத்தான் செய்யும். அதனால் ஒன்றைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். எதைக் கொடுப்பது என்பதில்தான் மாதக்கணக்கில் பேச்சு ஓடியது.

வீட்டில் ஐந்து பேர். நான், மனைவி, பிள்ளைகள் இருவர், அம்மா. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "ஏழு சீட்டு வண்டியைக் கொடுத்துட்டு யாராவது சின்ன வண்டியை வச்சுக்குவாங்களாப்பா? அதுவும் கம்பெனியே மூடிட்டுப் போன வண்டியை." இந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. மாருதிக்கோ ஒவ்வொரு ஊரிலும் மெக்கானிக் இருக்கிறார். கணக்குப் போட்டால் எர்டிகாதான் ஜெயிக்கும். நான் ஃபிகோவைப் பிடித்துக்கொண்டு நின்றதற்குக் காரணம் எங்கள் சாலை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போடியிலிருந்து முந்தல் வரை சமதளம். அங்கே செக்போஸ்ட்டைத் தாண்டியதும் மலை தொடங்கும். கொச்சி – தொண்டி தேசிய நெடுஞ்சாலை 85-இன் ஒரு பகுதி இது. 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே போடி கடல் மட்டத்திலிருந்து முந்நூற்றைம்பது மீட்டர் உயரத்தில் இருந்தால், மேலே போடிமெட்டு ஏறத்தாழ 1,400 மீட்டரில் இருக்கிறது. கீழே வெயில் கொளுத்தும். புலியூத்துப் பக்கம் போகும்போதே காற்று மாறிவிடும். மேலே மூடுபனி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறை சரிந்து சாலையை அடைப்பதும் உண்டு. காலையில் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மேலே போகும், சாயங்காலம் அதே வரிசை கீழே இறங்கும். இந்தச் சாலையில் கார் ஓட்டுவதும் தேனி பைபாஸில் கார் ஓட்டுவதும் இரண்டு வேறு வேலைகள்.

இங்கே முக்கியம் குதிரைத்திறன் இல்லை, டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் இழுவிசை. காகிதத்தில் பார்த்தால் எர்டிகாவின் 1.5 பெட்ரோல் இன்ஜின் 105 குதிரைத்திறன், ஃபிகோ டீசல் 100. எர்டிகாதான் மேல் என்று தோன்றும். ஆனால் எர்டிகாவின் டார்க் 138 நியூட்டன் மீட்டர், அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு 4,400 சுற்று (ஆர்பிஎம்) சுற்றும்போதுதான் முழுதாக வரும். ஃபிகோவில் 215 நியூட்டன் மீட்டர், 1,750 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும்.

ஒரு வளைவில் இது எப்படித் தெரியும் என்று பாருங்கள். முன்னால் அரசுப் பேருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. கொண்டை ஊசியில் எதிரே ஒரு லாரி இறங்குகிறது. பேருந்து நிற்கிறது, நாமும் நிற்கிறோம். வளைவின் உள்பக்கம்தான் செங்குத்து அதிகம், நாம் நிற்பதும் அங்கேதான். பின்னால் ஒரு ஜீப் பம்பரை ஒட்டி நிற்கிறது. பேருந்து கிளம்பியதும் ஹேண்ட் பிரேக்கை விட்டு எடுக்க வேண்டும். எர்டிகாவில் ஆள் நிறைய இருந்தால் இரண்டாயிரத்துக்கு மேல் ஆர்பிஎம்மை ஏற்றி, அரை கிளச்சில் பிடித்து, முதல் கியரிலேயே வளைவு முடியும் வரை இழுக்க வேண்டும். இரண்டாவது போட்டால் இன்ஜின் திணறும், மறுபடி முதலுக்கு வர வேண்டும். ஃபிகோவில் கிளச்சை விட்டால் போதும், நகர்ந்துவிடும். வளைவு பாதியில் இரண்டாவது கியர், அப்புறம் அடுத்த வளைவு வரை அதிலேயே போகலாம். ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவுக்கு முன்பக்கம் திரும்பும். ஃபிகோவின் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம், 2,491 மில்லிமீட்டர், எர்டிகாவினுடையது 2,740. இந்தக் கால் மீட்டர் வித்தியாசம் ஊருக்குள் தெரியாது. கொண்டை ஊசியில் கை உணரும்.

உயரம் கூடக் கூட காற்று மெலிகிறது. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் பலத்தை இழக்கும். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் டீசலில் அந்த இழப்பு பெரிதாகத் தெரிவதில்லை. கீழே சுறுசுறுப்பாக இருந்த எர்டிகா மேலே கொஞ்சம் மந்தமாவது இதனால்தான். அது அந்த வண்டியின் குறை இல்லை, எந்தச் சாதா பெட்ரோல் வண்டியும் இப்படித்தான்.

எர்டிகாவைப் பற்றி நல்லது சொல்லாமல் போனால் அநியாயம். சமதளத்தில் அது போல் சொகுசான குடும்ப வண்டி அந்த விலையில் கிடையாது. கிளச் வெண்ணெய் மாதிரி இருக்கும். சித்திரை வெயிலில் தேனி போய்வந்தால், இரண்டாவது வரிசைக்குக் கூரையிலிருந்து வரும் ஏசி பெரிய புண்ணியம். மூன்றாவது வரிசையை மடக்கினால் 550 லிட்டர் இடம், காய்ந்த ஏலக்காய் மூட்டையை அப்படியே உள்ளே வைத்து ஏல விற்பனைக்குக் கொண்டுபோகலாம். ஃபிகோவின் டிக்கி 257 லிட்டர்தான். மூட்டைக்காகப் பின் சீட்டை மடக்கினால் பின்னால் யாரும் உட்கார முடியாது.

எல்லாவற்றையும்விட அம்மாவின் முழங்கால். எர்டிகாவின் சீட் இடுப்பு உயரத்தில் இருக்கும், பக்கவாட்டில் அப்படியே நகர்ந்து உட்கார்ந்துகொள்வார். ஃபிகோவில் கீழே இறங்கி உட்கார வேண்டும், எழுந்திருக்கும்போது மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துத் தம் கட்ட வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்கு என்னிடம் எதிர்வாதமே இல்லை.

பேச்சைத் திருப்பிப் போட்டது என் மனைவி. அவரும் இரண்டு வண்டியையும் ஓட்டுவார். ஒருநாள் சொன்னார்: "என்னங்க, நீங்க ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு எது நல்லாருக்குன்னு பாக்குறீங்க. நான் ஓட்டுறேன். பின்னாடி உக்காந்து வாங்க." மிகச் சரியான யோசனை. போடிமெட்டிலிருந்து இறக்கத்தில் எர்டிகாவின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வந்தேன். அந்த சீட் பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிறது. வண்டி வளைவில் திரும்பும்போது ஆட்டம் முழுவதும் அங்கேதான் வந்து சேர்கிறது. முன் சீட்டுகள் மறைப்பதால் சாலை தெரியாது. அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரிய வழியில்லை. என் மகள் எப்போதும் அந்த வரிசையைத்தான் கேட்டு வாங்கி உட்காருவாள், எப்போதும் பத்தாவது வளைவுக்குள் வாந்தி எடுப்பாள். மாத்திரை, எலுமிச்சம்பழம், ஜன்னல் காற்று என்று எல்லாம் பார்த்தாயிற்று. அன்றைக்குக் காரணம் புரிந்தது.

அடுத்த வாரம் அதே சாலையில் ஃபிகோவின் பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்தேன். தோளுக்கு இடம் குறைவு, குழிகளை எர்டிகாவைவிட நன்றாகவே உணர முடிகிறது. ஆனால் வண்டி சாய்வது குறைவு. இரண்டு முன் சீட்டுகளுக்கு நடுவே சாலை நேராகத் தெரிகிறது. மகளை அந்த இடத்தில் உட்கார வைத்தோம். கீழே வரும் வரை பேசிக்கொண்டே வந்தாள். வேகத்தைக் கூட்டினால் ஃபிகோவிலும் வயிறு புரட்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நிதானமாக ஓட்டினால், ஓட்டுபவருக்கு இதமாக இருக்கும் அதே குணங்கள்தான் பின்னால் இருப்பவரையும் காப்பாற்றுகின்றன. அளவாகத் திரும்பும் ஸ்டியரிங், குறைந்த சாய்வு, கியரை அடிக்கடி மாற்ற வேண்டாத இன்ஜின். மலைச்சாலையில் ஓட்டும் சுகம் என்பது ஆடம்பரம் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயமும் முடிவுக்கு உதவியது. எர்டிகா வாங்கியதே பெரும்பாலும் சென்னைப் பயணத்துக்காக. 2023 ஜூனில் போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ரயில் வந்துவிட்டது, வாரத்தில் மூன்று நாள். பல வருடம் அகலப்பாதைக்காகக் காத்துக் கிடந்த ஊர் இது. ரயில் வந்த பிறகு சென்னைக்குக் காரில் போவதை விட்டுவிட்டோம். கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் கோயில் என்று சொந்தக்காரர்கள் சேர்ந்து போகும்போது மட்டும் பெரிய வண்டி தேவை. அதற்கு வாடகை வண்டி எடுத்தால் போயிற்று.

அப்புறம் சந்தை நிலவரம். எர்டிகாவைக் கொடுத்தபின் மனம் மாறினால் நாளைக்கே இன்னொரு எர்டிகா வாங்கலாம், புதிதாகவும் கிடைக்கும், பழையதாகவும் கிடைக்கும். ஃபிகோ டீசலைக் கொடுத்தால் அதே மாதிரி வண்டி திரும்பக் கிடைக்காது. 2020 ஏப்ரலில் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதி வந்ததும் மாருதி டீசலையே விட்டுவிட்டது. போலோ டீசலும் அதோடு போனது. சின்ன கார்களில் டாடா அல்ட்ராஸ் தவிர டீசல் என்று சொல்ல இப்போது எதுவும் இல்லை. விற்பனை விலையிலும் இதே கதைதான். எர்டிகாவுக்குக் கேட்ட விலை கிடைத்தது. ஃபிகோவுக்குச் சொன்ன விலையில் ஒரு நல்ல பைக் வாங்கிவிட்டு மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். ஊர் இவ்வளவு குறைவாக மதிப்பிடும் வண்டியை, நமக்கு இவ்வளவு உழைக்கும்போது, எதற்கு விட வேண்டும்? கம்பம் பக்கத்தில் ஒரு குடும்பம் எர்டிகாவை வாங்கிப் போனது. பெரிய குடும்பம், அவர்களுக்குச் சரியான வண்டி.

செலவு விவரம் கேட்பவர்களுக்கு: மலையில் ஃபிகோ லிட்டருக்குப் பதினேழு, பதினெட்டு தருகிறது, சமதளத்தில் இருபத்திரண்டு வரை வரும். எர்டிகா மலையில் பன்னிரண்டைத் தாண்டவில்லை, சமதளத்தில் பதினாறு. கேரளத்தில் எரிபொருள் விலை கூடுதல், 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு இரண்டு ரூபாய் செஸ் வேறு. அதனால் கீழே போடியிலேயே டேங்க்கை நிரப்பிக்கொண்டு ஏறுவதுதான் இங்கே எல்லோருக்கும் வழக்கம். என்னுடையது அதற்கு முந்தைய பி.எஸ்.4 விதிப்படி வந்த வண்டி என்பதால், புகைக் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி அடைத்துக்கொள்ளும் தொந்தரவு இல்லை. இதுவரை மாற்றியது வழக்கமான தேய்மானச் சாமான்கள்தான்: பிரேக் பேட், ஒருமுறை கிளச் செட், முன்பக்க சஸ்பென்ஷன் புஷ்கள். உதிரிபாகம் கிடைக்கிறது, ஆனால் கேட்ட அன்றே கிடைக்காது. அதனால் ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், பேட் ஒரு செட் வீட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். பெரிய சர்வீஸுக்கு மதுரை போகிறேன். ஆர்.சி. 2032 வரை இருக்கிறது, அதுவரை ஓட்டுவதாக எண்ணம்.

அம்மாவுக்காக முன் சீட்டில் கெட்டியான தேங்காய் நார் மெத்தை ஒன்று தைத்துப் போட்டோம். சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி, முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்து வைக்கிறார். முன்பைவிட எளிது, எர்டிகா அளவுக்கு இல்லை. தேனி ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் வாடகைக்கு உயரமான வண்டியைக் கூப்பிட்டுவிடுகிறோம். அவருக்கு வலி அதிகமானால் இந்த முடிவை மறுபடி எடுத்துப் பேச வேண்டும் என்று நானும் மனைவியும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த செலவு டயர். 175/65 ஆர்14 அளவு, நாலையும் ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்ற வேண்டும். ஈரத்தில் பிடிமானம் நல்லதாக இருப்பதைத்தான் பார்க்கிறேன், மைலேஜ் அதற்கு அப்புறம்தான்.