கிளிநொச்சியில வாடகைக்கு வீடு பாக்கிற ஆக்கள் இதை ஒருக்கா வாசியுங்கோ

கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ. பொம்பிளைப் பிள்ளையளோட தனிய வந்து இருக்கப்போற ரீச்சர்மார், கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) ஆஸ்பத்திரிக்கு எண்டு மாற்றம் கிடைச்சு வாற ஆக்கள், அறிவியல் நகர் கம்பஸுக்குப் பிள்ளையை விடப்போற தாய் தகப்பன்மார், நீங்கள் கட்டாயம் வாசிக்கோணும்.

எனக்கு இந்த வருசம் தை மாசம் கிளிநொச்சிக்கு மாற்றம் வந்தது. சொந்த இடம் வடமராட்சி. அவருக்குக் கொழும்பில வேலை, ரெண்டு கிழமைக்கு ஒருக்காத்தான் வருவார், மகள் ஒன்பதாம் ஆண்டு படிக்கிறா. ஒவ்வொரு நாளும் பஸ்ஸில போய்வந்து கட்டுபடியாகாது எண்டு வீடு தேடினம். பேஸ்புக்கில ஒரு விளம்பரம் கண்டன், பச்சைக் கேற், முத்தத்தில பெரிய மாமரம், "அமைதியான சூழல், குடும்பத்துக்கு உகந்தது" எண்டு போட்டிருந்தது. நம்பருக்கு எடுத்தா ஒரு புரோக்கர் கதைச்சார், தங்கச்சி தங்கச்சி எண்டு நல்ல மரியாதையான கதை. ஞாயிற்றுக்கிழமை காலமை வாங்கோ, அப்பதான் ஆறுதலாப் பாக்கலாம் எண்டார்.

நானும் அவரும் பத்தரை போலப் போனம். ஏ9 றோட்டில இருந்து நடந்து பத்து நிமிசம், கிறவல் ஒழுங்கை, ஒரு சத்தம் சலார் இல்லை. கிணத்துத் தண்ணி குடிச்சுப் பாத்தம், உப்பில்லை. ஓடு ஒழுகின அடையாளம் இருக்கோ எண்டு சுவரெல்லாம் பாத்தம், பாத்ரூம் பாத்தம், கரண்ட் வயர் பாத்தம். இவர் வெள்ளம் வாற இடமோ எண்டு கேட்டார், 2018 மார்கழியில இரணைமடுக் குளத்தின்ட கதவுகள் திறந்தாப் பிறகு இங்க சனம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும் தானே. இந்த ஒழுங்கைக்குள்ள அப்பவும் தண்ணி வரேல்ல எண்டார் புரோக்கர். பிறகு விசாரிச்சதில அது உண்மை தான். பயம் ஒண்டும் இல்லையோ அண்ணை, நானும் மகளும் தான் தனிய இருக்கப்போறம் எண்டு நான் கேட்டன். "கதவைத் திறந்து போட்டுப் படுக்கலாம் தங்கச்சி" எண்டார். அந்தச் சொல்லைத்தான் என்னால இண்டைக்கும் மன்னிக்க ஏலாமக் கிடக்கு.

வாடகை 25,000. ஆறு மாச அட்வான்ஸ் 150,000, புரோக்கருக்குத் தனிய ஒரு மாச வாடகை. வீட்டுக்காரர் கனடாவில, திறப்பு அவரின்ட சொந்தக்காரர் ஒருத்தரிட்ட. ஒரு வெள்ளைத் தாளில எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து வைச்சம், அண்டைக்கே காசையும் குடுத்தம், வேற ஆக்களும் கேக்கினம் எண்டு அவசரப்படுத்தினவை.

சாமான் ஏத்திக்கொண்டு வந்து மூண்டாம் நாள். இரவு ஒன்பது மணி இருக்கும், நான் குசினியில, மகள் முன் விறாந்தையில புத்தகத்தோட. கேற்றில தட்டிக் கேக்குது. அவ போய்ப் பாத்திருக்கிறா, நடுத்தர வயசு ஆள் ஒருத்தர் சைக்கிளில நிண்டுகொண்டு "பிள்ளை, அக்கா இல்லையோ, ஒரு அரை எடுத்துத் தாங்கோ" எண்டு ஐந்நூறு ரூபாத் தாளை நீட்டுறார். பிள்ளைக்கு என்னெண்டே விளங்கேல்ல, அம்மா ஆரோ வந்து அரை கேக்கினம் எண்டு என்னட்ட வந்து சொல்லுறா. எனக்கும் விளங்கேல்ல. நான் போய் ஆரைத் தேடுறியள் எண்டு கேக்க அந்தாள் என்னை ஒரு மாதிரிப் பாத்திட்டுப் போட்டார். பத்து மணிக்குப் பிறகு ரெண்டு பெடியள் மோட்டசைக்கிளில வந்து ஹோர்ன் அடிச்சாங்கள். பன்னிரண்டரைக்கு ஒருத்தன் மதிலுக்கு மேலால ரோச் அடிச்சுப் பாத்தான். நானும் மகளும் அறைக் கதவுக்குக் கதிரையை முண்டு குடுத்திட்டு விடியும் வரைக்கும் நித்திரை இல்லாம இருந்தம்.

விடிய ஒழுங்கை முகப்பில இருக்கிற கடைக்குப் பாண் வாங்கப் போனன். மூண்டு நாளாச் சாமான் மட்டும் எடுத்துத் தந்திட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த கடைக்கார அம்மா, நான் அழுதிட்டன் எண்டவுடன தான் வாய் திறந்தா. "பிள்ளை, நீங்களும் அவையளின்ட ஆக்களாக்கும் எண்டு நினைச்சம்."

எனக்கு முதல் அந்த வீட்டில இருந்தவை கசிப்பு, அதுதான் கள்ளச் சாராயம், வித்தவையாம். ஒண்டரை வருசம். பொலிஸ் ரெண்டு தரம் வந்து பிடிச்சு, ரெண்டாம் தரத்தோட எழும்பிப் போயிட்டினம். வாங்கிக் குடிச்ச ஆக்களுக்கு அது தெரியாது, அவையளுக்குப் பச்சைக் கேற் தான் அடையாளம். ஒழுங்கைச் சனம் ஒண்டரை வருசமா அந்த வீட்டுப் பக்கம் பாக்காமலே சீவிச்சுப் பழகிப்போச்சு. நான் அமைதி எண்டு நினைச்சது சனம் பயத்தில கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது. புரோக்கருக்கு இது தெரியும். வீட்டுக்காரரின்ட சொந்தக்காரருக்கும் தெரியும். ஒரு பொம்பிளைப் பிள்ளையோட வாறன் எண்டு தெரிஞ்சுகொண்டு தந்தவை.

பிறகு யோசிச்சுப் பாத்தா அந்த ஞாயிற்றுக்கிழமையே எல்லாம் கண்ணுக்கு முன்னால கிடந்தது. வேலிக் கரையில முடிச்சுப் போட்ட சின்னச் சின்னப் பொலித்தீன் பையள், பள்ளிக்கூடப் பிள்ளையள் குடிச்சுப்போட்ட ஜூஸ் பைக்கற் எண்டு நினைச்சன், கசிப்புப் பைக்கற். ரெண்டு வீடு தள்ளி ஒரு வளவு பத்தையா மூடிக் கிடந்தது, ஆக்கள் வெளிநாட்டில, ஆனா பத்தைக்குள்ளால ஒத்தையடிப் பாதை மட்டும் நல்லாத் தேஞ்சு கிடந்தது. ஆளில்லாத வளவுக்குள்ள எப்பிடிப் பாதை விழும்? லைட் போஸ்டில பல்ப் உடைஞ்சிருந்தது. நாயள் படுத்துக் கிடந்தது, புது ஆக்கள் எங்களைக் கண்டும் தலை தூக்கேல்ல, இரவு பகலா முகம் தெரியாத ஆக்கள் வந்து போற இடத்தில நாய் ஏன் குரைக்கப்போகுது. எல்லாத்தையும் விட ஒண்டு, ஒழுங்கைக்குள்ள அரை மணித்தியாலம் நிண்டம், ஒரு சனம் வந்து ஆர் நீங்கள் எண்டு கேக்கேல்ல. எங்கட ஊர்ப் பக்கம் எண்டாலென்ன வன்னி எண்டாலென்ன, ஒழுங்கையான ஒழுங்கைக்குள்ள புது ஆள் வந்து அஞ்சு நிமிசம் நிண்டா ஒரு அம்மாவாவது வேலியால எட்டிப் பாத்து "ஆரைத் தேடுறியள் பிள்ளை" எண்டு கேப்பா. அது விடுப்பு இல்லை, அதுதான் காவல்.

பொலிஸின்ட 119க்கு ரெண்டு தரம் எடுத்தன். வந்தவை, நல்லாத்தான் கதைச்சவை, ஆனா ஒவ்வொரு இரவும் காவலுக்கு நிக்கேலாது தானே. விதானையாரிட்ட, அதுதான் கிராம அலுவலரிட்ட போனன், அவர் தலையில கை வைச்சிட்டார், என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே எண்டு. நான் கேக்கேல்ல, அது என்ட பிழை. புது இடத்துக்குப் போனா எப்பிடியும் விதானையாரிட்டப் பதிவுக்குப் போகத்தான் வேணும், அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முதல் போங்கோ.

பதினெட்டாம் நாள் வீட்டை விட்டு எழும்பி ஒரு சிநேகிதியின்ட வீட்டை போயிட்டம். காசு கேட்டா புரோக்கர் முதல்ல பாப்பம் எண்டார், பிறகு போன் எடுக்கேல்ல, பிறகு நம்பரே ஓவ். சொந்தக்காரர், இடையில எழும்பினா காசு திருப்பித் தரேலாது எண்டு தாளில கிடக்கு தானே எண்டார். சட்டத்தரணி ஒருத்தரிட்டக் காட்டினன். ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால எழுதினாத்தான் சட்டப்படி செல்லும், 1840ஆம் ஆண்டில இருந்து இருக்கிற சட்டம் அது எண்டு அவர் சொல்லித்தான் தெரியும். இன்னொண்டும் கேட்டார், அது உறுதிக் காணியோ பெர்மிட் காணியோ எண்டு. கிளிநொச்சி குடியேற்றத் திட்டத்தோட வளந்த ஊர், கனக்கக் காணி அரசாங்கம் பெர்மிட்டில குடுத்தது தான், பெர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின்ட அனுமதி இல்லாம நினைச்சபடி கைமாத்தேலாது. நான் எந்தக் கடதாசியும் கேட்டுப் பாக்காமத்தான் ஒண்டரை லட்சத்தைக் குடுத்திருக்கிறன்.

வழக்குக்கு அலையாம மத்தியஸ்த சபைக்கு எழுதிக் குடுத்தன். மூண்டு தவணை போய் 80,000 திருப்பித் தாறதெண்டு முடிஞ்சது, ரெண்டு கட்டமா. முதல் 40,000 வந்திட்டுது, மிச்சம் இன்னும் வரேல்ல. புரோக்கரிட்டப் போன 25,000 போனது தான்.

இப்ப இருக்கிற வீட்டை எடுக்கிறதுக்கு முதல் நான் அஞ்சு தரம் போனன். கிழமை நாளில பின்னேரம் ஆறரைக்கு ரியூசன் விடுற நேரம் போய் ஒழுங்கை முகப்பில நிண்டன், பொம்பிளைப் பிள்ளையள் தனித்தனியச் சைக்கிளில வருதுகளோ, இல்லாட்டி தாய் தகப்பன் றோட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போகினமோ எண்டு பாத்தன். அந்த ஒண்டைப் பாத்தாலே பாதி விளங்கும், அந்த இடத்துச் சனம் தங்கட பிள்ளையளை எப்பிடி விடுதுகளோ அதுதான் அந்த இடம். வெள்ளிக்கிழமை இரவு எட்டரைக்கு ஓட்டோவில ஒருக்கா, சம்பளக் காசு கையில புழங்கிற மாசக் கடைசியில ஒருக்கா. ஓட்டோக்கார அண்ணையிட்ட, இரவு பதினொரு மணிக்கு இந்த ஒழுங்கைக்கு ஹயர் கூப்பிட்டா வருவியளோ எண்டு கேட்டன், வருவன் அக்கா ஏன் வராம எண்டார். முந்தின வீட்டின்ட ஒழுங்கைப் பேரைச் சொல்லிக் கேட்டன், பேசாம இருந்தார். மழைக்குப் பிறகு ஒருக்காப் போனன், நடு இரவில ரிப்பர் லொறி மணல் ஏத்தி ஓடுற பாதை எண்டா ஈர மண்ணில அகலச் சில்லுத் தடம் ஆழமாக் கிடக்கும். கடையில சும்மா ஒரு தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, இந்த வீட்டில முதல் ஆர் இருந்தவை, ஏன் போனவை எண்டு கேட்டன். வங்கியில வேலை செய்த தம்பி, கலியாணம் கட்டி வவுனியாவுக்குப் போயிட்டார் எண்டு கடைக்கார ஐயா சொன்னார், பக்கத்து வீட்டு அக்காவும் அதையே சொன்னா. ரெண்டு வாயில இருந்து ஒரே கதை வந்தாப் பிறகு தான் காசைப் பற்றியே கதைச்சன். மூண்டாம் தரம் போகேக்க அந்த அக்கா கேற்றுக்கு வந்து "தங்கச்சி, அடிக்கடி வாறீங்கள், ஆரைத் தேடுறியள்" எண்டு கேட்டா. எனக்கு வந்த சந்தோசத்தில கண் கலங்கிப் போச்சு.

ஒழுங்கையின்ட பேரை நான் இங்க போடேல்ல. அங்க இருக்கிற சனம் பாவம், அந்தக் கடைக்கார அம்மா பாவம், அதுகள் ஒரு பிழையும் செய்யேல்ல. தனிய இருக்கிற பொம்பிளையளுக்கு இப்பிடி ஏதும் நடந்தா 119ஐத் தவிர 1938 எண்டு பெண்களுக்கான இலக்கமும் இருக்கு, எனக்கு அந்த நேரம் தெரியாது, தெரிஞ்சு வைச்சிருங்கோ.

இதை இப்ப எழுதுறதுக்குக் காரணம், முந்தநாள் அதே விளம்பரத்தைத் திரும்பக் கண்டன். அதே படம், பச்சைக் கேற், மாமரம், வாடகை 28,000 எண்டு ஏத்தியிருக்கினம், புரோக்கரின்ட நம்பர் மட்டும் புதுசு. கீழ ஒரு தங்கச்சி, நேர்ஸாம், ஞாயிற்றுக்கிழமை வந்து பாக்கலாமோ எண்டு கேட்டிருந்தா. அவவுக்கு மெசேஜ் போட்டிருக்கிறன், இன்னும் பாக்கேல்ல. ஆராவது அவவைத் தெரிஞ்ச ஆக்கள் இருந்தா இதைக் காட்டி விடுங்கோ.