மூன்று வருட ஃபிஷ் கிரிப்: பிடி உறுதி, கழுத்துதான் வினை

மீனின் உதட்டைக் கவ்விப் பிடித்து, எடையும் காட்டும் கைக்கருவிதான் ஃபிஷ் கிரிப். என்னுடையதை நேற்று மூன்றாவது முறையாகப் பிரித்துச் சேர்த்தாயிற்று. மூன்று முறையும் ஒரே கோளாறு. தாடை டக்கென்று மூடுகிறது, ஸ்பிரிங்கில் தளர்வு இல்லை, எடையும் ஏறக்குறையச் சரியாகவே காட்டுகிறது. சுழல வேண்டிய கழுத்து, அதாவது தாடையும் கைப்பிடியும் சேரும் இடத்தில் உள்ள ஸ்விவல், உப்பு ஏறி இறுகிக்கொள்கிறது. கரையில் நின்று மீன் பிடிப்பவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. கயாக்கில், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகில், உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய விஷயம் கிடையாது. புதிதாகக் கயாக் வாங்கிய நண்பர் ஒருவர் இதையே வாங்கலாமா என்று கேட்கிறார். அவருக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன்: பிடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடுவா, களவா போன்ற அகன்ற வாய் மீன்களுக்கு இதைவிட நல்ல பிடியை நான் பார்த்ததில்லை. கொடுவாவின் செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்கப் போனால் விரல்தான் கிழியும். ட்ரெபிள் ஹூக் (மூன்று முனைத் தூண்டில் முள்) மாட்டிய லூர் (போலி இரை) வாயில் தொங்கும்போது ஒரு முள் மீன் உதட்டிலும் இன்னொரு முள் நம் உள்ளங்கையிலும் ஏற ஒரே ஒரு தலையாட்டல் போதும். இந்தக் கிரிப் மீனின் வாய்க்கும் நம் கைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி தருகிறது. அந்த ஒரு சாண் பல விரல்களைக் காப்பாற்றும்.

கயாக்கில் மீனை அடக்குவது என்பதே கடைசி இரண்டு மீட்டர் சமாச்சாரம்தான். அதற்கு முன்பு நடப்பதை டிராக், அதாவது மீன் இழுக்கும்போது லைனை அளவாக விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக், பார்த்துக்கொள்ளும். லைன் அறும் எடையில் கால் பங்கு வைத்தால் போதும். 9 கிலோ லைன் என்றால் இரண்டேகால் கிலோ, அதையும் தராசு கட்டி இழுத்துப் பார்த்து வைக்க வேண்டும். மீன் ஓட ஓடக் கயாக்கின் முன்முனை அதன் பக்கம் திரும்பிவிடும். பிறகு கயாக்கே இழுபட்டு மீனைக் களைக்க வைக்கும். மீன் கயாக்குக்கு அடியில் புகுந்தால் ராட் (தூண்டில் கோல்) நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, முன்முனையைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவர வேண்டும். அப்படிச் செய்யாமல் கயாக் விளிம்பில் ராட்டை அழுத்திப் பிடித்தால் ராட் ஒடியும்.

பக்கத்தில் வந்த மீன் ஒருக்களித்துப் படுக்கும். செவுள் மூடி மெதுவாகத் திறந்து திறந்து மூடும், மேலே தெரியும் கண் அசையாது, வால் நுனி மட்டும் லேசாக நடுங்கும். அடங்கிவிட்டது என்று தோன்றும். கயாக்கையோ, நீளும் கையையோ கண்டதும் வால் ஒரு அடி அடிக்கும், மீன் நேராகக் கீழே பாயும். அப்போது ராட் நுனிக்கு வெளியே இருப்பது ஒரு ராட் நீள லைன்தான். பிரெய்டு (பின்னல் லைன்) என்றால் அது ஏறக்குறைய நீளவே நீளாது. அதனால் கிரிப்பைக் கையில் எடுக்கும் முன்பே டிராக்கைக் கால் சுற்று தளர்த்திவிட வேண்டும். கடல் விரால் இந்த ஏமாற்று வேலையில் பேர்போனது. சண்டையே போடாமல் பக்கத்தில் வந்து நிற்கும், மேலே ஏற்றிய பிறகுதான் முழு பலத்தையும் காட்டும். இரண்டு பாய்ச்சலாவது பாய்ந்து முடிக்காத கடல் விராலைக் கயாக்கில் ஏற்றவே கூடாது.

மாட்டும் முறை இது. ராட் ஒரு கையில், மீனுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து, மீனின் தலை தண்ணீருக்கு மேலே தெரியும் அளவு மட்டும் இழுத்துப் பிடிக்க வேண்டும். ராட்டைச் செங்குத்தாகத் தூக்கினால் மேல்பாதி ஒடியும். இன்னொரு கையில் கிரிப், தாடை திறந்தபடி. மீன் வாய் திறக்கும் வரை காத்திருந்து முன்பக்கமிருந்து கீழுதட்டில் மட்டும் மாட்ட வேண்டும். மாட்டியதும் தூக்கவே கூடாது. கிரிப்பைத் தண்ணீர் மட்டத்திலேயே வைத்து, முழங்கையைத் தளர்த்தி, பத்துப் பதினைந்து விநாடி விட வேண்டும். அடுத்த தலையாட்டலும் உருளலும் அந்த நேரத்தில்தான் வரும்.

ஸ்விவல் வேலை செய்ய வேண்டிய இடமும் அதுதான். வாய் மாட்டிக்கொண்ட மீன் தன் நீளவாக்கில் சுற்றும். கழுத்து சுழன்றால் தாடை மீனோடு சுற்றும், கைப்பிடி கையில் அசையாமல் இருக்கும். கழுத்து இறுகியிருந்தால் அந்தத் திருகல் முழுவதும் மணிக்கட்டுக்கு வருகிறது. மணிக்கட்டு திரும்பும் அளவு திரும்பிவிட்டு அதற்கு மேல் முடியாதபோது தோள் சாய்கிறது, தோளோடு தலையும் சாய்கிறது. தலை கயாக்கின் அகலத்தைத் தாண்டி வெளியே போனால் கவிழ்வதற்குப் பெரிய அலை எதுவும் தேவையில்லை. கையை விட்டால் கிரிப்போடு மீன் போகும், விடாவிட்டால் நாம் போவோம். ஐந்து கிலோ மீன் இதைச் செய்யும். இன்னொன்று: திருகல் மீனின் உதட்டிலும்தான் இறங்குகிறது. விட்டுவிடப் போகும் மீனின் கீழ்த்தாடைத் தோல் கிழிவது பெரும்பாலும் இப்படித்தான்.

கூடவே வரும் மணிக்கட்டுக் கயிற்றை வாங்கிய அன்றே அறுத்துவிடுங்கள். அதில் கையை நுழைத்தால் மீனுக்கும் உங்களுக்கும் நடுவே டிராக்கே இல்லை என்று அர்த்தம். ஆனால் கயிறு இல்லாமலும் முடியாது, இந்தக் கிரிப் கல் மாதிரி மூழ்கும். ஒரு மீட்டர் சுருள் கயிறு ஒன்றை, சட்டென்று கழற்றக்கூடிய கொக்கியோடு, இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள கயாக்கின் கைப்பிடியில் மாட்டினால் சரியாக இருக்கும். முன்முனையிலோ பின்முனையிலோ கட்டினால் தேவைப்படும் நேரத்தில் கொக்கி எட்டாது.

இனி பழுது. கைப்பிடிக் குழாய் அலுமினியம், உள்ளே தண்டு ஸ்டெயின்லெஸ். இந்த இரண்டும் கடல்நீரில் ஒன்றையொன்று தொட்டால் அரிபடுவது அலுமினியம்தான். குறுக்கே போகும் ஊசியை மெல்லிய பின் பஞ்ச் வைத்துத் தட்டி எடுத்தால் கழுத்து தனியாக வரும். உள்ளே வெள்ளை மாவு மாதிரி இருப்பது அலுமினியத்தின் அரிப்பு, பழுப்பாக இருப்பது பேரிங் குண்டுகளின் துரு. அந்தக் குண்டுகள் காந்தத்தில் நன்றாக ஒட்டுகின்றன. கடல்நீரை நன்றாகத் தாங்கும் 316 தர ஸ்டெயின்லெஸ் அப்படி ஒட்டாது. தாடைக்கு நல்ல உலோகம் போட்டவர்கள் கண்ணுக்குத் தெரியாத குண்டுகளில் மிச்சம் பிடித்திருப்பதுதான் என் கோபம்.

வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, போகாத உப்புப் படிவத்துக்குப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகரில் பத்து நிமிடம் வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் வினிகரே அலுமினியத்தை அரிக்கும். நன்றாகக் காயவிட்டு, குண்டுகளை அதே அளவு 316 தரத்துக்கு மாற்றி, அலுமினியமும் ஸ்டீலும் தொடும் இடத்தில் மெல்லிய நைலான் வாஷர் போட்டு, மரைன் கிரீஸ் தடவிப் பூட்ட வேண்டும். துரு நீக்கும் ஸ்ப்ரே மட்டும் அடித்துவிட்டு விடுவது வீண். அது பழைய கிரீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு முறையும் கரைக்கு வந்ததும் வாளித் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கவைத்து, தண்ணீருக்குள்ளேயே இருபது தடவை தாடையைத் திறக்கும் விசையை இழுத்து, கழுத்தையும் சுற்ற வேண்டும். மேலாகப் பைப்பில் அடிக்கும் தண்ணீர் பேரிங் வரை போகாது. இதையெல்லாம் தவறாமல் செய்தும்தான் மூன்று வருடத்தில் மூன்று பழுது.

எல்லா மீனுக்கும் இது ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். வஞ்சிரத்தின் பல் தாடை விளிம்பு வரை கத்திபோல நிற்கும், அதன் வாய்ப்பக்கம் கையே போகக் கூடாது. பாறை, சூரை இரண்டுக்கும் வாலடிதான் கைப்பிடி. மெலிந்து கெட்டியாக இருக்கும், கையுறையோடு பற்றினால் வழுக்காது. வாலடியைப் பிடித்துவிட்டால் மீனுக்கு உந்த வழியில்லை. கெளுத்தியின் முதுகு முள்ளும் பக்க முள்ளும் விஷம், அதற்குக் கிரிப் நல்லதுதான்.

மேலே ஏற்றும்போது ஒரு கை கிரிப்பில், மறு கை வயிற்றுக்கு அடியில். மீன் வலப்பக்கம் என்றால் இடது காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொள்ளலாம், எடை சமமாகும். செங்குத்தாகத் தொங்கவிட்டால் பெரிய மீனின் உடல் எடை முழுவதும் தாடையில் விழும். மடியில் கிடத்தியதும் ஈரத்துணியால் கண்ணை மூடினால் பெரும்பாலும் துள்ளல் பாதியாகக் குறையும். வைத்துக்கொள்ளும் மீன் என்றால் உடனே முடித்துவிட வேண்டும்: 30 செ.மீ. கட்டையால் கண்ணுக்குச் சற்றுப் பின்னே, தலை உச்சியில், தயங்காமல் இரண்டு அடி. உடல் விறைத்து, செட்டைகள் விரிந்து, பிறகு தளரும். தளர்ந்ததும் செவுள் வளைவை அறுத்து ரத்தம் வடித்து, ஐஸும் கடல்நீரும் கலந்த பெட்டியில் போட வேண்டும். துள்ளித் துள்ளிச் சாகும் மீனில் லாக்டிக் அமிலம் ஏறி, சதை சூடாகிக் கெடும். சூரையில் இது சாப்பிடும்போதே தெரியும்.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரண்தான், ஆனால் கயாக்குக்கு முதல் கருவி ரப்பர் வலை. வளையத்தைத் தண்ணீருக்குள் அசையாமல் பிடித்து, தலை முதலில் வருமாறு மீனை அதற்குள் நடத்திவிடுங்கள். வாலில் வலை பட்டால் மறுபடி பாயும். உருள்வதெல்லாம் வலைக்குள்ளேயே நடந்துவிடும், உங்கள் மணிக்கட்டுக்கு வராது. முள்ளை எடுக்க 25 செ.மீ. நீளமூக்குக் குறடு போதும்.

கிரிப்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றால், கடையில் கழுத்தை வெறுமனே சுற்றிப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். எடை இல்லாதபோது எல்லாக் கழுத்தும் சுழலும். ஐந்து கிலோ எடையைத் தாடையில் தொங்கவிட்டு, இரண்டு விரலால் சுற்றிப் பாருங்கள். என்னுடையது நேற்று கிரீஸ் போட்டபின் அப்படிச் சுழன்றது. நான்கைந்து பயணம் வரை தாங்கும்.