நேபாள ரூபாய்க்கு எத்தனை இலங்கை ரூபாய்? பழைய மாற்று விலை பார்க்கும் மூன்று வழிகள்

நேபாள ரூபாயையும் இலங்கை ரூபாயையும் நேருக்கு நேர் வாங்கி விற்கும் பெரிய சந்தை எதுவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே பழைய தேதியில் நீங்கள் பார்க்கும் எந்த விலையும் யாரோ வேறொரு நாணயத்தின் வழியாகக் கணக்குப் போட்டு எடுத்ததுதான். நவி மும்பையின் வாஷி மசாலா மார்க்கெட்டில் கொழும்புப் பட்டையை இறக்கி காத்மாண்டுவுக்கு அனுப்பும் அண்ணாச்சிமார் பழைய கணக்கைத் தீர்க்க உட்காரும்போது மூன்று பேர் மூன்று விலை சொல்வது இதனால்தான்.

முதல் வழி, இணையத்தில் இருக்கும் நாணய மாற்றுத் தளங்கள். பெயரைத் தட்டினால் வரைபடமே வந்துவிடும். ஏறியதா இறங்கியதா என்று பார்க்க இது போதும். கணக்குப் புத்தகத்தில் ஏற்ற நான் ஒப்ப மாட்டேன். எந்த நேரத்து விலை, வாங்கும் விலையா விற்கும் விலையா, ஞாயிற்றுக்கிழமைக்கு எண் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. ஆடிட்டர் கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது.

இரண்டாவது வழி இந்திய ரூபாய். மும்பையில் இருக்கும் நமக்கு இதுதான் கைக்கு வாகானது. 1993 பிப்ரவரியிலிருந்து 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்று அந்நாட்டு மத்திய வங்கியான நேபாள ராஷ்டிர வங்கி நிலையாக வைத்திருக்கிறது. ஆகவே இந்திய ரூபாய்க்கு எத்தனை இலங்கை ரூபாய் என்று தெரிந்தால் 1.6ஆல் வகுத்தால் முடிந்தது. 1993க்கு இந்தப் பக்கம் மட்டும் வேலை என்றால் சுலபம்.

அதற்கு முன்னால் போனால்தான் சிக்கல். 1966 ஜூன் 6 அன்று இந்தியா தன் ரூபாயை டாலருக்கு 4.76இலிருந்து 7.50ஆக இறக்கியது. அதுவரை சிலோன் ரூபாயும் டாலருக்கு 4.76தான்; இரண்டும் ஒரே மதிப்பு. ஒரே நாளில் ஒரு சிலோன் ரூபாய் ஏறக்குறைய 1.58 இந்திய ரூபாய் ஆகிவிட்டது. இன்றைய நிலவரத்தில் பழகியவர்களுக்கு இதை நம்பவே சிரமமாக இருக்கும். நேபாளமும் அப்போது இந்தியாவோடு சேர்ந்து இறங்கவில்லை. அப்போதும் 100 இந்திய ரூபாய்க்கு 160 என்றிருந்த விலையை 101 என்று மாற்றிக்கொண்டது. சரி, இப்போது கணக்குப் போடுங்கள்: 1.58ஐ 1.01ஆல் பெருக்கினால் சிலோன் ரூபாய்க்கு ஏறக்குறைய 1.6 நேபாள ரூபாய். அதாவது அந்த இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒன்றுமே மாறவில்லை, நடுவில் நின்ற இந்திய ரூபாய்தான் நகர்ந்தது. இது தெரியாமல் பழைய 1.60ஐப் போட்டால் 2.52 வரும்; சுத்தமாகத் தப்பு. 1967 நவம்பரில் சிலோன் தன் நாணயத்தை டாலருக்கு 5.95ஆக இறக்கியது. அடுத்த மாதமே நேபாளமும் இறங்கி 100 இந்திய ரூபாய்க்கு 135 என்று வைத்தது. அந்த இரண்டு நிகழ்வுக்கும் இடைப்பட்ட சில வாரங்களுக்கு மட்டும் தனி விலை. இந்தப் படிகளைத் தேதிவாரியாக எழுதி வைத்துக்கொள்ளாமல் அறுபதுகளின் கணக்கைத் தொடக் கூடாது.

மூன்றாவது வழி டாலர். அமெரிக்க மத்திய வங்கி இந்திய ரூபாய்க்கும் இலங்கை ரூபாய்க்கும் 1973 முதல் நாள்வாரியாக விலை வைத்திருக்கிறது. டாலருக்கான இலங்கை விலையை இந்திய விலையால் வகுத்து, பிறகு நேபாளத்துக்காக 1.6ஆல் வகுக்க வேண்டும். இரண்டுமே நியூயார்க் நண்பகல் விலை. நம் கடிகாரத்தில் இரவு ஒன்பதரை அல்லது பத்தரை. ஒரே இடம், ஒரே நேரம் என்பதுதான் இதன் பலம். இந்திய ரூபாய்க்கு மும்பையின் மதிய விலையையும் இலங்கை ரூபாய்க்கு நியூயார்க் விலையையும் கலந்தால் நடுவில் ஒன்பது பத்து மணி நேர இடைவெளி விழும். சாதாரண நாளில் தெரியாது. 2022 மார்ச் மாதிரியான நாட்களில் நன்றாகவே தெரியும்.

அந்த மார்ச் தொடக்கத்தில் டாலர் 200 இலங்கை ரூபாயை ஒட்டிப் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. 7ஆம் தேதி இலங்கை மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மே மாதம் 360ஐ ஒட்டிப் போய்விட்டது. இந்திய ரூபாய் 75 சொச்சத்திலிருந்து 77 சொச்சம். ஒரு நேபாள ரூபாய் ஏறக்குறைய 1.65 இலங்கை ரூபாயிலிருந்து 2.90க்கு ஏறியது. ஆனால் மார்ச்சுக்கு முந்தைய மாதங்களின் விலையை அப்படியே நம்ப வேண்டாம். வங்கியில் அந்த விலைக்கு டாலர் கிடைப்பதே அரிதாக இருந்தது. வங்கியைத் தவிர்த்து உண்டியல் என்ற தனியார் வழியில் பணம் அனுப்பியவர்களுக்குக் கணிசமாக அதிகம் கிடைத்தது. அந்த விலைக்குப் பதிவேடு கிடையாது.

இதே குறை 1968 முதல் 1977 வரையிலான இலங்கைக் கணக்கிலும் உண்டு. அப்போது அங்கே சட்டப்படியே இரண்டு விலை. அரிசி, மாவு போன்றவற்றின் இறக்குமதி அரசு விலையில்; மற்ற பலவற்றுக்கு அந்நியச் செலாவணிச் சான்றிதழ் வாங்கி, கடைசியில் 65 சதவீதம் வரை கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மலையகத் தமிழர் பறித்த தேயிலையின் ஏற்றுமதி டாலர் மட்டும் அந்தக் குறைந்த அரசு விலையிலேயே ரூபாயாக மாறியது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை. அந்த ஆண்டுகளுக்கு ஒற்றை எண் எழுதினால் எந்தச் சரக்குக்கான விலை என்றும் பக்கத்தில் எழுத வேண்டும்.

என் தேர்வு இது. 1993க்குப் பிறகு என்றால் டாலர் வழி, அப்புறம் 1.6. அதற்கு முன்னால் என்றால் நேபாளம் விலை மாற்றிய தேதிகளின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பின்னோக்கி 1973 வரை டாலர் வழி, அதற்கும் முன்னால் அரசுகள் அறிவித்த விலை. எந்த வழியானாலும் பெரிய எண் வரும் திசையில் எழுதுங்கள். 2022 மே விலையைத் திருப்பிப் போட்டு, இலங்கை ரூபாய்க்கு 0.34 நேபாள ரூபாய் என்று இரண்டு தசமத்தில் நிறுத்தினால், ஒரு லட்சம் இலங்கை ரூபாயில் ஐந்நூறுக்குக் கொஞ்சம் குறைவான நேபாள ரூபாய் காணாமல் போகும்.