தவறுக்குப் பின் கேட்கும் குரல்கள்: ‘மேட்ச் அஃபிஷியல்ஸ் மைக்டு அப்’ நிகழ்ச்சி குறித்த ஒரு மதிப்பீடு

இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டங்களில் மைதானத்தில் நிற்கும் நடுவரும், தொலைவில் திரைகளுக்கு முன் அமர்ந்திருக்கும் விஏஆர் எனப்படும் காணொளி உதவி நடுவரும் ஒரு முடிவை எட்டும்போது என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைப் பின்னர் நமக்குக் கேட்கத் தருகிற நிகழ்ச்சி ‘மேட்ச் அஃபிஷியல்ஸ் மைக்டு அப்’. 2023ஆம் ஆண்டு தொடங்கிய இதில் முன்னாள் முன்கள வீரர் மைக்கேல் ஓவன் கேள்வி கேட்கிறார். தொழில்முறை நடுவர்களை நிர்வகிக்கும் பிஜிஎம்ஓஎல் அமைப்பில் நடுவர் பிரிவின் தலைமைப் பொறுப்பை ஏற்றவரும், 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை நடத்தியவருமான ஹோவர்ட் வெப் பதில் சொல்கிறார். கால்பந்தை நேசிக்கும் எவரும் பார்க்க வேண்டிய நிகழ்ச்சி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், தவறு எப்படி நேர்ந்தது என்பதை விளக்கிவிட்டால் அதற்குப் பொறுப்பேற்றதாகிவிடும் என்கிற எண்ணம் இதன் அடியில் ஓடுகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒலிப்பதிவின் மதிப்பு என்ன என்பதை 2023 செப்டம்பர் 30 அன்று நடந்த டாட்டன்ஹாம்–லிவர்பூல் ஆட்டத்தைப் போல் வேறெதுவும் காட்டியதில்லை. லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலுக்குத் துணை நடுவர் ஆஃப்சைடு கொடி உயர்த்தினார்; அதாவது, பந்து தரப்பட்ட நொடியில் டியாஸ் எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நின்றார் என்று. விஏஆர் நடுவர் டேரன் இங்கிலாந்து திரையில் கோடு வரைந்து பார்த்து, டியாஸ் ஆஃப்சைடில் இல்லை என்பதைச் சரியாகவே கண்டறிந்தார். ஆனால் களத்தில் கோல் வழங்கப்பட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு, பரிசோதனை முடிந்தது என்று மட்டும் அறிவித்தார். களத்தில் இருந்தவர்களோ தங்கள் ஆஃப்சைடு முடிவு உறுதியானதாகப் புரிந்துகொண்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். காட்சிகளை இயக்கிய பணியாளர்தான் தவறை முதலில் உணர்ந்து கேள்வி எழுப்புகிறார். ஆட்டத்தை நிறுத்தும்படி அறையில் குரல் எழுகிறது. ஆட்டம் தொடங்கிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்ற பதில் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. ஆட்டம் மீண்டும் தொடங்கிய பின் முடிவை மாற்றக் கூடாது என்பது விதி. 96ஆவது நிமிடத்தில் தன் அணி வீரர் ஜோயல் மாட்டிப்பின் சுயகோலால் லிவர்பூல் 2–1 என்று தோற்றது.

அந்த ஒலிப்பதிவைக் கேட்பதற்கு முன், விஏஆர் நடுவருக்கு ஆஃப்சைடு கோட்டைச் சரியாக வரையத் தெரியவில்லை என்றுதான் பலரும் நம்பினார்கள். ஒருதலைச் சார்பு என்று குற்றம் சாட்டியவர்களும் உண்டு. கேட்ட பிறகு நோய் வேறு இடத்தில் இருப்பது தெரிந்தது. களத்தில் எடுக்கப்பட்ட முடிவு என்ன என்பதைப் பரிசோதிப்பவர் வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்துகொள்ளும் வழக்கம் அந்த அறையில் இல்லை. விமானிகளும் அறுவை சிகிச்சை அரங்கில் இருப்பவர்களும் கட்டாயமாகக் கடைப்பிடிக்கும் எளிய நடைமுறை அது. வேகத்தைவிடத் துல்லியமே முக்கியம் என்ற அறிவுறுத்தலும், முடிவைச் சக நடுவரிடம் உறுதி செய்த பிறகே களத்துக்குச் சொல்ல வேண்டும் என்ற புதிய நெறிமுறையும் அதன் பின்னரே வந்தன. தனிமனிதரைத் தூற்றுவதால் வராத திருத்தம், உரையாடலை வெளியிட்டதால் வந்தது. இந்த நிகழ்ச்சி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

சரியான முடிவுகளையும் இதில் எடுத்துப் பேசுவதைச் சிலர் தற்பெருமை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டப்படுவது ஆகிய நான்கில் மட்டுமே விஏஆர் தலையிடலாம் என்பதையும், அங்கும் தெளிவான பிழை இருந்தால்தான் களநடுவரின் முடிவை மாற்றச் சொல்லலாம் என்பதையும் அந்தப் பகுதிகள் பொறுமையாகக் கற்றுத் தருகின்றன.

குறை, யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறது. பிரீமியர் லீகும் பிஜிஎம்ஓஎல்லும் சேர்ந்து வழங்கும் நிகழ்ச்சி இது. அங்கே பதில் சொல்பவர் அந்த நடுவர்களின் தலைவர். ஓவன் கண்ணியமாகக் கேட்கிறார், ஆனால் பதில் வந்ததும் அடுத்த காட்சிக்கு நகர்ந்துவிடுகிறார். இதே வகைப் பிழை முன்பும் நடந்ததே, அப்போது சொன்ன திருத்தம் என்னவாயிற்று என்ற கேள்வியை நான் ஒவ்வொரு முறையும் எதிர்பார்க்கிறேன். அது அரிதாகவே வருகிறது. ஒலிப்பதிவு வெளியாக வாரக்கணக்கில் ஆகிறது என்பதும் உறுத்துகிறது. நேரலையில் ஒலிபரப்பக் கூடாது என்று விதி தடுக்கிறது, சரி. ஆட்டம் முடிந்த மறுநாள் வெளியிடுவதை எது தடுக்கிறது? டியாஸ் விவகாரத்தில் மூன்றே நாட்களில் வெளியிட முடிந்ததே. ரக்பியிலும் கிரிக்கெட்டிலும் காணொளியைப் பார்க்கும் நடுவரின் குரல் அந்த நொடியிலேயே எல்லோருக்கும் கேட்கிறது. அதனால் அந்த நடுவர்களின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

விளைவுகளைப் பற்றிய மௌனம் இன்னும் பெரிய குறை. 2023 பிப்ரவரி 11 அன்று ஆர்சனல்–பிரென்ட்ஃபோர்டு ஆட்டத்தில் விஏஆர் நடுவர் லீ மேசன் ஆஃப்சைடு கோடு வரையத் தவறினார். சில நாட்களில் அவர் பிஜிஎம்ஓஎல்லை விட்டு விலகினார். அதே நாளில் கிரிஸ்டல் பேலஸ்–பிரைட்டன் ஆட்டத்தில் தவறான தடுப்பாட்டக்காரரை வைத்துக் கோடு வரைந்த ஜான் புரூக்ஸ் அடுத்த பணியிலிருந்து மாற்றப்பட்டார், பின்னர் திரும்பி வந்தார். இரு முடிவுகளும் நியாயமானவையாக இருக்கலாம். எந்த அளவுகோலின்படி எடுக்கப்பட்டவை என்பது வெளியே தெரியாதவரை, கோபம் வலுத்தால் தண்டனை, அடங்கினால் மன்னிப்பு என்றே ரசிகர்கள் எண்ணுவார்கள். முக்கியத் தருணங்களை ஆராயும் ஐவர் குழு ஒன்றும் இருக்கிறது. அதில் மூவர் முன்னாள் வீரர்கள் அல்லது பயிற்சியாளர்கள். அந்தக் குழுவின் கண்டறிதல்களை முழுமையாக இந்த மேடையில் வைத்துவிட்டாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

வெளிப்படைத்தன்மை நடுவர்களைக் கும்பலிடம் ஒப்படைத்துவிடும் என்ற அச்சம் பொய்யானதல்ல. 2025 ஜனவரியில் ஆர்சனலின் மைல்ஸ் லூயிஸ்-ஸ்கெல்லிக்கு மைக்கேல் ஆலிவர் காட்டிய சிவப்பு அட்டை மேல்முறையீட்டில் ரத்தானது. அதற்குள் அந்த நடுவருக்கும் குடும்பத்தினருக்கும் மிரட்டல்கள் வந்து, காவல்துறை தலையிட நேர்ந்தது. ஒரு மனிதர் விளையாட்டுத் தவறுக்காகத் தன் வீட்டின் பாதுகாப்பை இழப்பது கொடுமை. ஆனால் மௌனம் அவரைக் காப்பாற்றவில்லை என்பதையும் அதே நிகழ்வு சொல்கிறது. காரணம் சொல்லப்படாத இடத்தில்தான் சதிக்கதை வேர்விடுகிறது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் விளக்கங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, முதலில் டாட்டன்ஹாம்–லிவர்பூல் ஒலிப்பதிவைத் தனியாகக் கேட்க வேண்டும். பிறகு விதிப்புத்தகத்தில் விஏஆர் நெறிமுறைப் பகுதியைப் படித்துவிட்டு, வெப்பின் விளக்கத்துக்கு வர வேண்டும். இந்த வரிசையில் சென்றால், அவர் எங்கே உண்மையாகப் பதில் சொல்கிறார், எங்கே தன் அமைப்பைக் காக்கிறார் என்பதை நீங்களே பிரித்தறிய முடியும்.