க்ளப்புக்குப் பழைய விமானம் வாங்கணும்னா டிராகன் ராபிடா, ஆன்-2வா?

ரெண்டுமே ரெட்டை இறக்கை பயணிகள் விமானம்தான், ஆனா காப்பாத்தி வச்சுக்கிற விஷயத்துல ரெண்டும் ரெண்டு துருவம். 1934ல பறந்த பிரிட்டிஷ் டி ஹாவிலண்ட் டிராகன் ராபிட் பூரா மரமும் துணியும், ஸ்ப்ரூஸ் மரச் சட்டம், ப்ளைவுட், பசை, அதனால ஈரம் பட்டா மரம் உளுத்துடும், பசை விட்டுடும், வெளிய நிறுத்தவே கூடாது, ஷெட் கட்டாயம். பின்னாடி ஸ்பெயின் சர்வாதிகாரியான பிராங்கோவை 1936ல கேனரி தீவுல இருந்து கூட்டிட்டுப் போனது இந்த ரகம்தான், அந்த விமானம் இப்போ மாட்ரிட் மியூசியத்துல இருக்கு. மூக்குல பைலட் ஒருத்தர் மட்டும் தனியா உக்காருவார், பக்கத்துல கோ-பைலட் சீட்டே கிடையாது!

1947ல வந்த சோவியத் ஆன்-2 நேர் எதிர். உடம்பு உலோகம், இறக்கைக்கும் வாலுக்கும்தான் துணி, 18,000க்கு மேல செஞ்சதால பார்ட்ஸும் கிடைக்கும். வேகம் குறைஞ்சா மேல் இறக்கையோட முன்பக்க ஸ்லாட், அதாவது காத்து புகுற இடுக்கு, தானா திறந்துக்கும். பிரச்சனை 1,000 குதிரைத்திறன் ரேடியல் (சிலிண்டர் வட்டமா அடுக்கின) எஞ்சின்தான், பெட்ரோலை அப்படி குடிக்கும், ராபிடோட 200 குதிரைத்திறன் ஜிப்ஸி எஞ்சின் ரெண்டும் சேர்ந்தாலும் அவ்வளவு கேக்காது.

அழகுக்கு ராபிட்தான், அந்த ஒல்லியான கூர் இறக்கைக்கு ஈடே இல்ல. ஆனா நல்ல தச்சு வேலைக்காரர் கைவசம் இல்லாத க்ளப்னா பேசாம ஆன்-2 வாங்குங்க.